முன்கூட்டியே கிளம்பிய வீடு

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது ஃபாதர் பிரசங்கத்தின் நடுவில் இருப்பார். நாங்கள் பின்வரிசையில் நுழைவதைப் பார்த்ததும் ஒரு நொடி நிறுத்துவார். கோபத்தால் அல்ல. நாங்கள் வந்துவிட்டோம் என்றால் பேச்சை முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று அவருக்கு ஒரு கணக்கு. கடலூரில் எங்கள் பங்குக் கோவிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு இதில் வெட்கம் எதுவும் இருந்ததில்லை. எல்லோருக்கும் சேர்த்து வெட்கப்பட்டது என் மனைவி ஒருத்திதான்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அடுத்த தெருவில் தனியாக வாடகைக்கு இருக்கிறான். ஆனால் சாப்பிடுவது, டிவி பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் எங்கள் வீட்டில்தான். இத்தனை பேரில் நேரத்துக்குக் கிளம்பத் தெரிந்தவள் மனைவி மட்டும். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாணி வைத்திருந்தோம். மாமியார் ஒரு புடவையைக் கட்டி, கொசுவம் வைத்து, பின்னும் குத்தி முடித்த பிறகுதான் அந்தப் புடவை வேண்டாம் என்று முடிவெடுப்பார். மச்சான் செருப்பு மாட்டிக்கொண்ட பிறகு குளிக்கப் போவான். மகள் "நான் ரெடி" என்று கத்துவாள், கட்டிலில் படுத்தபடியே. எல்லோரும் கிளம்பட்டும், நமக்கு ஐந்து நிமிஷம் போதும் என்று நான் உட்கார்ந்திருப்பேன். அதனால் எப்போதும் நான்தான் கடைசி.

மனைவிக்குப் பள்ளி ஆண்டு விழாவில் சிறந்த ஆசிரியர் என்று பரிசு கொடுத்தார்கள். நாங்கள் தேசிய கீதத்துக்குச் சரியாகப் போய் நின்றோம். புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கில் அவள் கட்டுரை வாசித்தாள். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தோம். அவள் சாம்பாரை என் இலையில் கொஞ்சம் வேகமாக ஊற்றினாள்.

அவள் பல வருஷங்களாக வேலையையும் பார்த்துக்கொண்டு பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டு நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தாள். பதிவு செய்திருந்தது சிதம்பரத்தில். சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போய், முழங்கால் வரை சேறு காய்ந்த கால்களோடு பொழுது சாயத் திரும்பி வருவாள். எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும், மேலே "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கும். மச்சான் ஒரு நாள் அதைத் திறந்து பார்த்து, "இதுல நாலு பெருசா இருந்தா கொழம்பு வெக்கலாமே அக்கா" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினான். நண்டைப் பற்றி அந்த வீட்டில் நடந்த ஒரே அறிவியல் உரையாடல் அதுதான்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வைவா என்று ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். எல்லோர் முன்னிலையிலும் மேடையேறி ஆராய்ச்சியை விளக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு, படித்த பெரியவர்கள் நாலு பேர் எதிரே உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முந்தைய வருஷம் இதே துறையில் ஒரு முன்னோட்டப் பேச்சு நடந்தபோது அப்படித்தான் ஆயிற்று. முன்வரிசையில் எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்த நான்கு நாற்காலிகளும் காலியாக இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு முதல் வாக்கியமே வரவில்லையாம். அவளுடைய கைடு, அவளை வழிநடத்திய பேராசிரியர், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து அவரே பாதியைப் பேசி முடித்தார். நாங்கள் போனபோது கூட்டம் கலைந்து, அவள் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

வைவாவுக்குத் தேதி குறித்த அன்று சாயங்காலம் எங்கள் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தாள்.

"எனக்கு நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். பூங்கொத்து வேணாம், சால்வை வேணாம். நான் எழுந்து பேச ஆரம்பிக்கும்போது நீங்க எதிர்ல உக்காந்திருக்கணும். தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு எதிர்ல இருந்தா நான் பேசிடுவேன். இல்லன்னா போன தடவ மாதிரி நின்னுடுவேன். இந்தத் தடவ நின்னா அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.  மாமியார், "அன்னிக்கு எந்தப் பொடவ கட்டட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு ஒரு குணம் உண்டு. மனுஷர்களால் முடியாததைச் சாமான் வாங்கினால் சரிசெய்துவிடலாம் என்று நம்புவேன். மறுவாரமே ஒரு சின்னப் பெட்டியும், அதோடு சேர்ந்த ஸ்விட்சுகளும், பேசுகிற ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கி வந்தேன். வீட்டில் எல்லோருடைய ஃபோனிலும் ஒரே கேலண்டரைப் போட்டு, அதை இந்தப் பெட்டியோடு இணைத்தேன். கேலண்டரில் ஒரு நிகழ்ச்சியையும் பயண நேரத்தையும் எழுதினால் போதும், வீடு தானாக ஏற்பாட்டில் இறங்கிவிடும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கீசரும் தண்ணீர் மோட்டாரும் ஓடும். அரை மணி முன்பு டிவி அணையும். கால் மணி முன்பு ஹாலைத் தவிர எல்லா அறையிலும் ஃபேன் நின்றுவிடும், படுத்திருப்பவன் எழுந்து வந்தே ஆக வேண்டும். கடைசியாக ஸ்பீக்கர் பேசும். இதில் எனக்கே பிடித்த ஓர் அம்சம், முக்கியமான நிகழ்ச்சி என்று குறித்துவிட்டால் அது தொடங்கும் நேரத்திலிருந்து முடியும் நேரம் வரை எங்கள் ஃபோன்கள் எல்லாம் சத்தமில்லாமல் அடங்கிவிடும். சபையில் மணியடித்து மானம் போகாது.

மனைவி இதையெல்லாம் கைகட்டி நின்று பார்த்தாள். "சேத்துல இருக்கிற நண்டு, தண்ணி ஏர்றதுக்கு முன்னாடியே மண்ண உருட்டிக் கொண்டாந்து வளைய மூடிக்குது. அதுக்கு யாரு கீசர் போட்டாங்க?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

முதல் தகராறு ஸ்பீக்கரோடு மாமியாருக்கு வந்தது. அது கம்பெனிக்காரன் கொடுத்த குரலில், "நீங்கள் இப்போது வெளியேற வேண்டும்" என்றது. மாமியார் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மாப்ள, என் பொண்ணு வூட்ல இருந்துக்கிட்டு என்னையே வெளிய போங்குதே, இது யாரு?"

"மிஷின் அத்தே. கிளம்பச் சொல்லுது."

"கிளம்பற நேரத்துல போ போன்னா வெளங்குமா? போயிட்டு வாங்கன்னு சொல்லச் சொல்லுங்க. அப்பறம் எழுந்திருக்கறேன்."

அன்று சொந்தக்காரர் ஒருவரின் புது வீட்டை ஃபாதர் மந்திரிக்கும் சடங்கு. நான் தரையில் உட்கார்ந்து செட்டிங்ஸில் தேடித் தேடி, மகளின் குரலில் "போயிட்டு வாங்க" என்று பதிவு செய்து மாற்றினேன். ஸ்பீக்கர் சொன்னது. மாமியார் அதற்கு "வரேம்மா" என்று பதில் சொல்லிவிட்டு எழுந்தார். நாங்கள் போனபோது தீர்த்தம் தெளித்து முடித்து ஃபாதர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது கல்யாண சீசன். எனக்குப் பத்திரிகை வைக்காதவர் கிடையாது. வைப்பவரிடமெல்லாம் "கண்டிப்பா வர்றோம்" என்று சொல்வேன், அவர் கண்ணெதிரிலேயே கேலண்டரில் பதிந்தும் காட்டுவேன். அது ஒரு மரியாதை. நான் வர மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. ஒரு முகூர்த்த நாளில் பண்ருட்டியில் ஒன்று, அண்ணாகிராமத்தில் ஒன்று, மஞ்சக்குப்பத்தில் ஒன்று என்று மூன்று கல்யாணத்துக்கும் வீடு தயாரானது. மோட்டார் ஓடி டேங்க் வழிந்து, நின்று, மறுபடி ஓடி, மறுபடி வழிந்தது. ஃபேன் நிற்க நிற்க மச்சான் ஒவ்வோர் அறையாகப் பாயைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். மகளின் குரல் மூன்று முறை போயிட்டு வாங்க என்றது. மாமியார் மூன்று முறையும் வரேம்மா என்றார். யாரும் எங்கும் போகவில்லை. என் வாயிலிருந்து வருவதை அப்படியே நம்பிய ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வென்றது. மணியடிப்பதற்கு முன்பே நாங்கள் கோவிலுக்குள் இருந்தோம். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்துப் பதறி ஓடி வந்தார். "என்னா சார், வூட்ல யாருக்காச்சும் ஏதாச்சுமா?" என்றார். ஃபாதர் பிரசங்கத்தில் பலமுறை பின்வரிசையைப் பார்த்தார். பேச்சை எங்கே முடிப்பது என்று தெரியாமல் அன்று நீட்டிக்கொண்டே போனார். நான் பெருமையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பெட்டியின் சாமர்த்தியம் என்று நம்பினேன்.

இங்கே எங்கள் வீட்டு நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மாமியார் அதை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருப்பார். "அது ஓடுனாத்தான் நாம நடப்போம்" என்பார். அது இருபது நிமிஷம் முன்னால் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் இருபதைக் கழித்துக்கொள்வோம். இதனால் அவர் சில சமயம் யாருக்கும் சொல்லாமல் அரை மணி ஆக்கிவிடுவார். நாங்களும் சந்தேகத்துக்கு அரை மணி கழிப்போம். பள்ளி பஸ் எட்டுக்கு என்றால் மகளிடம் மனைவி ஏழே முக்கால் என்பாள். மகள் அதை எட்டே கால் என்று எடுத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் நேரம் என்பது ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் அவநம்பிக்கை, அவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்தும் இப்படிப்பட்டவர்கள் எழுதும் கேலண்டரை ஓர் இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை.

வைவாவுக்கு முதல் நாளே மனைவி சிதம்பரம் போய்விட்டாள். அங்கே கூடப் படித்த தோழி வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "நேரத்த கேலண்டர்ல போட்டுட்டேன். அதப் பாத்து வாங்க. நான் வாயால சொல்ல மாட்டேன், வாயால சொன்னா நீங்க கழிச்சிக்குவீங்க."

சாயங்காலம் ஃபோன் செய்தாள். குரலில் பயம் தெரிந்தது. சாப்பிட்டாயா என்றேன், இறங்கவில்லை என்றாள்.

"நாளைக்கு வந்துடுவீங்கதானே?"

"நீ கவலப்படாத. வீடே எங்கள கழுத்தப் புடிச்சித் தள்ளிடும்."

"அந்த வீட்ட நம்பி நான் தூங்கணும்" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஃபோனை வைத்துவிட்டுக் கேலண்டரைத் திறந்தேன். வைவா காலை ஒன்பது மணி என்று இருந்தது. எனக்கு வீட்டாரைப் பற்றித் தெரியும். அதனால் யாருக்கும் சொல்லாமல் அதை எட்டு என்று மாற்றினேன். நிகழ்ச்சி மாறினால் எல்லோருக்கும் தகவல் போகும் வசதி அதில் உண்டு. தொணதொணவென்று இருக்கிறதென்று அதை நானே என்றைக்கோ நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு மனுஷன் தன் மனைவிக்காகச் செய்யக்கூடிய பெரிய காரியத்தைச் செய்துவிட்ட நிம்மதியில் படுத்தேன்.

விடிவதற்கு வெகு முன்பே மோட்டார் உறுமியது. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று யோசித்தேன். சரி, இருக்கட்டும், பயண நேரத்தை ஜாஸ்தியாகப் போட்டிருப்போம் என்று எழுந்துவிட்டேன். அன்று எல்லோரும் எழுந்தார்கள். அவள் ஹாலில் உட்கார வைத்துச் சொன்னது எல்லோருக்கும் உறைத்திருந்தது. மாமியார் முதல் புடவையிலேயே நின்றார். மச்சான் குளித்துவிட்டுச் செருப்பு மாட்டினான், அந்த வரிசையில் அவன் அதைச் செய்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மகள் நிஜமாகவே ரெடியாக இருந்தாள். இருட்டில் ஸ்பீக்கர் போயிட்டு வாங்க என்றபோது நாங்கள் வாசலில் நின்றோம்.

கார் ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் கிழக்கு வெளுத்தது. புதுச்சத்திரத்தில் டீக்கடைக்காரர் பாய்லருக்கு அப்போதுதான் தீ மூட்டிக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதே சந்தோஷம் என் முகத்திலும் இருந்ததால் அதை நான் அவள் மேலுள்ள பக்தி என்று எடுத்துக்கொண்டேன். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். பாலம் வந்தால் போடுவது அவர் வழக்கம்.

துறைக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஒரு பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வண்டியைப் பின்பக்கம் மரத்தடியில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டு, நடந்து போய் ஓர் ஓட்டலில் கொத்சு ஊற்றி இட்லி சாப்பிட்டோம். மாமியார் கத்திரிக்காய் சுட்டது போதவில்லை என்று குறை சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தோம். அப்போதும் பூட்டுத்தான். எட்டு மணியானது, அது என் பொய் என்று எனக்குத் தெரியும், பொறுத்தேன். ஒன்பதானது. ஒருவரையும் காணோம்.  இடம் மாறிவிட்டதா, தேதி மாறிவிட்டதா? சாவிக்கொத்தோடு வந்த அலுவலக உதவியாளரிடம் ஓடினேன்.

"வைவாவா? பதினோரு மணிக்குத்தானே சார்" என்று சொல்லிக்கொண்டே அரங்கைத் திறந்துவிட்டார்.

நாங்கள் வராந்தாவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒம்போதுன்னுதான போட்டிருந்துச்சு" என்றேன். "நான்தான் எட்டுன்னு மாத்தினேன்."

மச்சான் தலையைச் சொறிந்தான். "மாமா, பத்துன்னு இருந்துச்சு. நான்தான் ஒம்போதுன்னு மாத்தினேன். நீங்க லேட் பண்ணுவீங்களேன்னு."

"நானா?"

"பின்ன யாரு?"

மகள் என் முகத்தைப் பார்க்காமல், "நான் டைம்ல கை வெக்கலப்பா. பெட்டியில மோட்டார், ஃபேன், ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினேன். மாமா குளிக்கப் போவாருன்னு" என்றாள். மாமியார் தன் பங்குக்கு, கடிகாரத்தை முக்கால் மணி முன்னால் தள்ளிவிட்டு வந்ததாகவும், அதை யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் கிளம்பியதற்காகத் தாம் மனசுக்குள் திட்டியதாகவும் ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் மச்சானுக்கு இன்னொன்று தட்டுப்பட்டது. "அப்படின்னா அக்கா பதினொண்ண பத்துன்னு போட்டிருக்கு."

"பெத்தவளையே நம்பலியா அவ?" என்று மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. கடிகாரத்தைத் தள்ளி வைத்த கையாலேயே முந்தானையை உதறிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பெருக்கிய பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

மகள் அம்மாவுக்கு ஃபோன் செய்கிறேன் என்றாள். நான் தடுத்தேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த மடத்தனங்களில் முதன்மையானது.

"வேணாம். உள்ள வந்து பாக்கட்டும். நாம முன்வரிசைல உக்காந்திருக்கறதப் பாத்தா அவ மூஞ்சி எப்படி ஆவும்? அதப் பாக்கணும் எனக்கு."

எல்லோருக்கும் இந்த யோசனை பிடித்துவிட்டது. பின்பக்கக் கதவு வழியாக அரங்குக்குள் போய் முன்வரிசையில் நடுவாக நான்கு நாற்காலியைப் பிடித்தோம். ஃபேன் சுகமாக ஓடியது. மாமியார் தன் மகளுக்காக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்து, இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். அடுத்தது மகள். அப்புறம் மச்சான், தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து. எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு வரும் காட்சியை விதவிதமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை வாக்கில் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், கடைசியில் தேர்வாளரும் கைடும். பதினொன்று அடித்தது. அவளைக் காணோம். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கைடு அவர் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். முன்வரிசை என்பதால் எனக்கு நன்றாகக் கேட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்கணும் சார். அவங்க வீட்டுக்காரங்க கடலூர்லேருந்து வரணும். ஃபோன எடுக்கலயாம். மேடம் வாசல்லயே நிக்கறாங்க, வீட்டுக்காரங்க வராம ஆரம்பிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

கைடுக்கு எங்களைத் தெரியாது. அவர் இருக்கும்போது நாங்கள் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை.

நான் எழுந்து ஓடினேன். ஓடிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தேன். பெட்டி எட்டு மணியிலிருந்து மதியம் வரை சத்தத்தை அடக்கி வைத்திருந்தது, நான் சொன்னபடியே. திரை முழுக்க அவள் அழைத்த அழைப்புகள்.

முன்வாசலில் கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். புதுப்புடவை. ஒரு காதில் ஃபோன், இன்னொரு கை நெற்றியில், கடலூர்ப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டடத்துக்குள்ளிருந்து வருவதைக் கண்டதும் அவளுக்குப் புரியவில்லை.

"எந்த வழியா வந்தீங்க?"

"பின்பக்கமா. காலைலயே வந்துட்டோம். உள்ளதான் உக்காந்திருக்கோம்."

"காலைலயேவா?" ஃபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எத்தன தடவ கூப்பிட்டேன்! உங்களுக்கு, பொண்ணுக்கு, தம்பிக்கு, ஒருத்தரும் எடுக்கல. லேட்டானா லேட்டுன்னு சொல்வீங்களே, ஒருத்தர் கூட எடுக்கலன்னா... வெள்ளாத்துப் பாலத்துல ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு..."  உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

எனக்கு அங்கேயே அவள் காலில் விழலாம் போல இருந்தது. கேலண்டரையும் பெட்டியையும் யார் யார் எதை மாற்றினோம் என்பதையும் உளறிக் கொட்டினேன். சத்தமில்லாமல் அடங்கிய ஃபோனைக் காட்டினேன்.

"வந்ததும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஆச்சரியப்படணும்னு..."

"பட்டாச்சு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என் வாழ்க்கைலயே மொத மொறையா நான் லேட். வாங்க."

அரங்கில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முன்னால் ஓடி மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். முன்வரிசையில் மூவரும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மகளின் தலை மச்சான் தோளில். மாமியாரின் விரலில் ஜெபமாலை அப்படியே நின்றிருந்தது.

"எழுப்பாதீங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து. "பாவம், எப்ப எழுந்தாங்களோ."

மேடையில் ஏறினாள். மைக்கின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். தாளைப் புரட்டினாள், மறுபடி அதே பக்கத்துக்கு வந்தாள்.  அந்த நேரம் பார்த்து மச்சான் ஒரு குறட்டை விட்டான். நல்ல நீளமான, கடலூர் வரைக்கும் கேட்கக்கூடிய குறட்டை.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தார். "இவங்கதான் நீங்க காத்திட்டிருந்தவங்களா?"

"ஆமா சார்" என்றாள். அவள் வாயோரம் துடித்தது. "நேரத்துக்கு வந்துட்டாங்க."

அரங்கம் சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தாளை மூடி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முன்வரிசையில் நான் ஒருவன்தான் விழித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.